வலக்கைக்கு வந்த மரியாதை

1909-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13-ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, சிங்கப்பூர் எஸ்பிளனேட் திடலில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் மாலுமிகளுக்கும் வில்லோபி கலாசாலையின் பழைய மாணவர்களுக்கும் பேஸ்பால் பந்தயம் நடந்தது. கலாசாலை நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. பந்து வீசியவர் பி. தங்கராஜு, வயது இருபத்து நான்கு. அவர் வீச்சில் மாலுமிகள் பதினான்கு முறை மட்டையில் பந்து படாமலே வெளியேறினார்கள்.

திங்கட்கிழமை இங்கிலீஷ் பத்திரிகை இதற்கு ஒன்பது வரி ஒதுக்கியது. அதே பக்கத்தில் கவர்னர் வீட்டு நாய் காணாமல் போனதற்குப் பதினேழு வரி.

ஒன்பது வரியே தங்கராஜுவுக்கு அதிகமாகத்தான் பட்டது. வில்லோபி கலாசாலையில் படித்த மூன்று வருஷத்தில் அவன் முப்பத்தொரு பந்தயம் ஆடி இருபத்தாறில் வென்றிருந்தான். அப்போதெல்லாம் அவன் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. பேஸ்பால் என்பது அந்தக் கலாசாலையை நடத்திய அமெரிக்கப் பாதிரிமார் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்த ஆட்டம். வெள்ளைக்காரத் துரைமார் கிரிக்கெட் ஆடினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கிரிக்கெட் ஆடினார்கள். குன்றின் மேல் இருந்த அந்த ஒரு கலாசாலையில் மட்டும் சீனப் பையன்களும் தமிழ்ப் பையன்களும் உருண்டைக் கட்டையை வைத்துக்கொண்டு நாலு மூலைக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டத்தின் சூட்சுமம் எளிது. எறிகிறவன் எறிவான், அடிக்கிறவனுக்கு மூன்று வாய்ப்பு, மூன்றையும் தவறவிட்டால் அவன் போய் உட்கார வேண்டியதுதான். தங்கராஜுவிடம் ஒரு பந்து இருந்தது. நேராக வருவது போல வந்து, அடிப்பவன் மட்டையைச் சுழற்றும் நேரத்தில் இடுப்புயரத்திலிருந்து முழங்காலுக்கு இறங்கிவிடும். அதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பந்தை விடும் கணத்தில் வலது மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவான், அவ்வளவுதான். அந்தச் சுண்டில்தான் எல்லாம் இருந்தது.

படிப்பு முடிந்தபின் அவன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூன்றாம் எண் கிடங்கில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் காலை ஏழு மணி முதல் எண்ணுவது வேலை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பழைய மாணவர்களோடு ஆட்டம். அடிப்பவனுக்குப் பின்னால் குந்தி அவன் பந்தைப் பிடிப்பவன் காதர் மைதீன். கடற்கரைத் தெருவில் தன் மாமாவின் கைலிக் கடையைப் பார்த்துக்கொள்பவன். இருவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே பரீட்சையில் ஒரே பாடத்தில் தவறியவர்கள்.

மார்ச் மாதக் கடைசியில் கலாசாலைத் தலைவர் ஹார்ட்லி பாதிரியார் தங்கராஜுவை வரச் சொன்னார்.

“மே மாதம் முதல் கலாசாலைக்கு விளையாட்டு ஆசிரியர் ஒருவர் வேண்டும். என் மனத்தில் நீதான் இருக்கிறாய். ஆனால் முடிவு என்னுடையதல்ல, பிஷப்புடையது. அவர் மணிலாவில் ஓர் அமெரிக்கரைப் பார்த்து வைத்திருக்கிறார். இந்த ஊர் ஆள் ஒருவன் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை.”

“நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?”

“ஏப்ரல் பதினேழாம் தேதி அந்தக் கப்பல் திரும்பி வருகிறது. மறுபந்தயம் நாலு மணிக்கு. அன்று பிஷப் இங்கே இருப்பார். ஐந்து மணிக்கு அவர் பினாங்குக் கப்பலைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். அந்த ஒரு மணி நேரம் நீ பந்து வீசுவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். அது போதும்.”

தங்கராஜு குன்றிலிருந்து இறங்கி வரும்போது கால் தரையில் பாவவில்லை. மூட்டை எண்ணுவதற்குப் பதில் பந்து எறிந்து சோறு தின்னலாம் என்று இந்த ஊரில் எவனிடமும் எவனும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து மனைவி கண்மணியிடம் சொன்னான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரு மணி நேரம் எறியணும். அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அப்ப அதுவரைக்கும் கையைப் பத்திரமா வச்சுக்குங்க. கதவு இடுக்குல கொடுக்காதீங்க, கண்டவனோட கை குலுக்காதீங்க.”

ஆபத்து கதவு இடுக்கிலிருந்து வரவில்லை. சிராங்கூன் ரோட்டுத் தமிழ் ஜன அபிவிருத்திச் சபையிலிருந்து வந்தது.

சபை தொடங்கி நாலு வருஷம். அங்கத்தினர் இருபத்தொரு பேர். இந்த நாலு வருஷத்தில் அது இருபத்து மூன்று பேரைக் கௌரவித்திருந்தது. அதாவது அங்கத்தினர் அனைவரையும், வெளியிலிருந்து பிடித்து வந்த இரண்டு பேரையும். இனிக் கௌரவிக்க ஆளில்லை என்ற நெருக்கடியான கட்டத்தில்தான், ஒரு வழக்கறிஞரிடம் கிளார்க்காக இருந்த காரியதரிசி துரைசாமி, வெற்றிலை மடித்து வந்த பழைய பத்திரிகைத் தாளில் அந்த ஒன்பது வரியைக் கண்டார்.

சபைத் தலைவர் மருதப்பன், கண்டாங் கிருபாவ் பக்கம் மாட்டுக் கொட்டகைகளுக்குச் சொந்தக்காரர். நகரத்தின் பாதி வண்டி மாடுகள் அவர் கை வழியாகப் போனவை. நல்ல மனிதர், எந்த மாட்டையும் பல்லைப் பார்த்து வயசு சொல்லிவிடுவார். அவருக்கு ஒன்பது வரியும் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது.

“கிரிக்கெட்டா?” என்றார்.

“அதுக்குப் பங்காளி முறை, தலைவரே. அமெரிக்காவுல ஆடுறது.”

“வெள்ளைக்காரனைத் தோக்கடிச்சிருக்கானா?”

“பதினாலு பேரை.”

“நம்ம பையனா?”

“இங்கே பக்கத்துப் பேட்டைதான், சுண்ணாம்புக் கம்பம்.”

“இவ்வளவு நாள் யாரும் சொல்லலையே!” என்று மருதப்பன் சபையைக் கோபித்துக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தங்கராஜு பந்து வாங்க நன்கொடை கேட்டு வந்தபோது, உத்தியோகம் பார்க்கிற வயசில் கட்டையால் அடித்துத் திரிகிறாயே என்று புத்தி சொல்லி அனுப்பியவர் அவர்தான். அது அவருக்கு நினைவில்லை. தங்கராஜுவுக்கு இருந்தது, ஆனால் அவன் மரியாதை தெரிந்தவன்.

என்ன கௌரவம் செய்வது என்பதில் சபை இரண்டு ஞாயிற்றுக்கிழமை விவாதித்தது. சால்வை எல்லோரிடமும் ஒன்று இருந்தது. தங்கப் பதக்கம் என்று ஒருவர் சொன்னதும் சபை இறுக்கமாயிற்று. போன வருஷம் ஒரு வித்துவானுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்து, பத்தாம் நாள் அது மார்க்கெட் ஸ்திரீட்டுச் செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கியில் அடகில் இருந்ததை அங்கத்தினரில் மூன்று பேர் நேரில் பார்த்திருந்தார்கள். அவர்கள் அங்கே எதற்காகப் போயிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் மருதப்பன் வழி சொன்னார். ஊரில் ஜமீன்தார்கள் வித்துவான்களுக்கும் மல்லர்களுக்கும் கையில் தங்கத் தோடா பூட்டுவார்கள். நாமும் எட்டுப் பவுனில் தோடா செய்வோம். மேடையிலேயே ஆசாரியை வைத்துக் கையில் மாட்டித் திருகாணியை முடுக்கி, அதன் தலையை அரத்தால் அராவிவிடுவோம். பிறகு அது கழலாது. கழலாததை அடகு வைக்க முடியாது. பரிசும் பத்திரம், சபையின் மானமும் பத்திரம்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சித்திரை முதல் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, சபை மண்டபத்தில் விழா. கடைவீட்டின் மேல்மாடிதான் மண்டபம். பெண்களுக்கு ஒரு திரை. முதலில் சக்கரவர்த்தி எட்வர்டுக்கு நீண்ட ஆயுள் கோரி எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு ஏழு பேர் பேசினார்கள். ஒருவர் தங்கராஜு ஒரே நாளில் பதினான்கு விக்கெட்டு வீழ்த்தியதாகச் சொன்னார். அடுத்தவர் அதைச் சதம் என்றார். மூன்றாமவர் தான் நாகப்பட்டினத்தில் சிறுவனாக இருந்தபோது கிட்டிப்புள் ஆடிய விதத்தை இருபது நிமிஷம் விவரித்து, நேரமின்மையால் விழா நாயகரைப் பற்றிப் பேச முடியாததற்கு வருந்தி அமர்ந்தார்.

உபசாரப் பத்திரம் பட்டுத்துணியில் அச்சடித்திருந்தது. அதில் ‘வெள்ளையரைப் பந்தால் வென்ற வீர’ என்று புலவர் எழுதியிருந்ததைக் காரியதரிசி, வழக்கறிஞர் ஆபீசு அனுபவத்தால், ‘வெள்ளையரோடு அன்பாய்ப் பந்தாடி மகிழ்ந்த’ என்று திருத்தியிருந்தார். யாப்பு முறிந்தது, ஆனால் யாரும் கைதாக வேண்டியதில்லை.

ஆசாரி அரத்தோடு மேடையேறினார். தங்கராஜு இடது கையை நீட்டினான்.

மாலையோடு நின்ற ஒருவர் மாலையைத் தாழ்த்தினார்.

“தம்பி, வலது கை,” என்றார் மருதப்பன்.

“ஐயா, பந்து எறியறது இந்த வலது கையாலதான். சனிக்கிழமை பந்தயம் இருக்கு. இடது கையில போட்டுட்டா...”

“பந்து எறிஞ்ச கைக்குத்தானப்பா மரியாதை! இடது கையிலயா மரியாதை வாங்குவ? சபையில இருக்கிற பெரியவங்க என்ன நினைப்பாங்க?”

“சனிக்கிழமை முடிஞ்சப்புறம் போடலாமே, ஐயா.”

“நல்ல நாள் இன்னிக்குத்தானே தம்பி!”

திரைக்குப் பின்னாலிருந்து கண்மணியின் இருமல் கேட்டது. அந்த இருமலின் அர்த்தம் தங்கராஜுவுக்குத் தெரியும். ஆனால் எதிரே எழுபது பேர், கையில் மாலையோடு எழுவர், உட்கார்ந்திருக்கும் ஆசாரி. அன்று கேட்டும் ஒரு பந்து வாங்கித் தராத ஜனம் இன்று எட்டுப் பவுனோடு நிற்கிறது. அவன் வலது கையை நீட்டினான்.

அரம் கறுக் கறுக்கென்று அராவிய சத்தத்தைப் பலத்த கைதட்டல் மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கண்மணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டுப் பழகின கையில்ல, கழலாமத்தான் போடத் தெரியும்.”

“சும்மா இரு, கண்மணி. மரியாதைடி.”

“நானும் அதான் சொல்றேன். மரியாதை. உங்களைக் கட்டிப் போட்டிருக்கு.”

அவள் பேச்சைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தங்கராஜுவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. புதன்கிழமை காலை ட்ராமில் முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து இடம் விட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார்கள். ஐந்து வருஷமாக அவனை ‘ஏய், கிளார்க்’ என்று கூப்பிட்ட ஸ்காட்லாந்துக்கார மேற்பார்வையாளர் தோடாவைப் பார்த்து, பார்வையை எடுத்து, மறுபடி பார்த்து, ‘மிஸ்டர்’ என்றார். தங்கராஜு சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு மூட்டை எண்ணினான். அன்று அவன் எண்ணிக்கையில் மூன்று மூட்டை குறைந்தது.

சாயங்காலம் பழக்கத்துக்குப் போனான். பத்துப் பந்து எறிந்தான். எட்டு நேராகப் போயின. ஒன்று காதர் மைதீனின் தலைக்கு மேல் போயிற்று. ஒன்று எங்கே போயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை.

காதர் பந்து படாமல் முகத்தில் மாட்டியிருந்த கம்பி முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

“என்ன மச்சான், பந்து வீசறியா, வளையல் வியாபாரம் பண்றியா? மணிக்கட்டே திரும்பலையே.”

“சுண்டற நேரத்துல கீழே நழுவி எலும்புல இடிக்குது.”

“அப்ப கழட்டு.”

“கழலாதுடா.”

“என்னது, கழலாதா? தங்கம் போட்டா கழட்டத் தெரியணும். எங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்டக் கேளு, சொல்வாங்க.” காதர் அவன் கையைப் பிடித்துப் பார்த்தான். திருகாணி இருந்த இடம் வழவழவென்று இருந்தது. “யா அல்லாஹ். கைதிக்குக்கூட சாவி வச்சுப் பூட்டுவாங்களேடா.”

வியாழக்கிழமை இருவரும் ஆசாரியிடம் போனார்கள். தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தார், சோப்பு போட்டுப் பார்த்தார். அறுக்கத்தான் வேண்டும் என்றார். ஆனால் அறுக்க மாட்டேன் என்றார்.

“சபை போட்டது, தம்பி. தலைவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், ஒரு நிமிஷத்துல அறுத்துடறேன். அவர் சொல்லாம நான் அரத்தை வச்சேன்னா நாளைக்கு இந்தத் தெருவுல எவன் எனக்குத் தாலி செய்யக் கொடுப்பான்?”

வெளியே வந்ததும் காதர் சொன்னான்: “எங்க கடைக்கு எதிர்ல ஒரு சீனப் பட்டறை இருக்குடா. இரும்பையே வெட்டறான். வா, அஞ்சு நிமிஷம்.”

தங்கராஜு நின்றான். போயிருக்கலாம். அந்த இடத்தில் நின்றபடியே அவன் இரண்டு விஷயத்தை யோசித்தான். ஒன்று, சபை. இன்னொன்று, ட்ராமில் எழுந்து இடம் விட்ட மனிதர்.

“முறைப்படி தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே செய்வோமே,” என்றான்.

காதர், “நீ கேளு. நான் ஒரு பிடி சாம்பிராணி வாங்கி வைக்கறேன், சபைக்குக் காட்டலாம்,” என்றான்.

வெள்ளிக்கிழமை மாலை மாட்டுக் கொட்டகையில் மருதப்பன் அவனை அன்பாக வரவேற்று, பால் கொடுத்து, முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“நான் ஒருத்தன் போட்டிருந்தா நானே கழட்டிடுவேன், தம்பி. இது சபைத் தீர்மானம். சபை போட்டதைச் சபைதான் கழட்டணும். அதுக்குக் கூட்டம் கூட்டணும், பதினாலு நாள் முன்னறிவிப்பு. துரைசாமி இதிலெல்லாம் ரொம்பக் கண்டிப்பு.”

“பந்தயம் நாளைக்கு, ஐயா. அந்த வேலை கிடைக்கிறதே இதுல இருக்கு.”

“அதான் சொல்றேன், போட்டுக்கிட்டே ஆடு! தங்கம் மின்ன நீ நிக்கிறதைப் பார்த்தாலே பிஷப் வேலை கொடுத்திடுவாரு. நாங்க எல்லாரும் வர்றோம். முன் வரிசையில உட்கார்றோம்.”

வந்தார்கள். சனிக்கிழமை மூன்றரை மணிக்கே எஸ்பிளனேட் திடலில் சபையின் ஆறு பேர் தலைப்பாகையோடு நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள். எதிர்ப்புறம் கூடாரத்தின் கீழ் ஹார்ட்லி பாதிரியாரும், வெள்ளைத் தொப்பி வைத்த பிஷப்பும். கண்மணி இன்னும் நாலு பெண்களோடு சாலையோரத்து மரத்தடியில் நின்றாள். மத்தியஸ்தர் கப்பலின் அதிகாரி ஒருவர். நெட்டையான, அலுத்துப்போன மனிதர்.

தங்கராஜு இரவெல்லாம் முயன்று, தோடாவுக்கு அடியில் துணியைத் திணித்து, அது நழுவாதபடி ஒரு வழி கண்டிருந்தான். எறியும் மேட்டில் ஏறினான். முதல் பந்து எறிய வலக்கையை உயர்த்தியதும், அடிக்க நின்ற மாலுமி மட்டையைத் தாழ்த்திக் கண்ணை இடுக்கிக்கொண்டான். மாலை வெயில் நேராகத் தோடாவில் விழுந்து அவன் முகத்தில் அடித்தது. மத்தியஸ்தர் கையைத் தூக்கினார்.

“எறிகிறவர் கையில் மின்னும் பொருள் கூடாது. கழற்றிவிட்டு எறியலாம். அல்லது வேறு ஆள் எறியட்டும்.”

“இது கழலாது, ஐயா.”

மத்தியஸ்தர் கப்பலில் இருபது வருஷம் பணியாற்றியவர். பல துறைமுகங்களில் பலவகைச் சாக்குகளைக் கேட்டவர். இது புதிதாக இருந்தது.

காதர் ஓடிவந்து தன் பழுப்புக் கழுத்துத் துணியைத் தோடாவின் மேல் முழுக்கச் சுற்றினான். மத்தியஸ்தர் பார்த்து, யோசித்து, சரி என்று தலையாட்டப் போனார். அதற்குள் முன் வரிசையில் மருதப்பன் எழுந்துவிட்டார்.

“தம்பி! மூடி மறைக்கவா கொடுத்தோம்?”

அவர் குரல் சந்தையில் நாற்பது மாட்டுக்கு மேலாகக் கேட்கும் குரல். கூடாரத்தில் பிஷப் திரும்பிப் பார்த்தார். தங்கராஜு துணியை அவிழ்த்தான். காதர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாலுமிகள் பக்கத்திலிருந்து கப்பல் இயந்திர மெக்கானிக் ஒருவர், சிரித்த முகத்தோடு, கரையில் கட்டியிருந்த படகிலிருந்து பெரிய இரும்பு வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதிரணிக்காரர், ஆனால் நல்ல வீச்சை எதிர்த்து ஆட வந்தவர். “ஒரே நிமிஷம், நண்பா. கையை நீட்டு,” என்றார்.

“கையை நீட்டுங்க!” சாலையோரத்திலிருந்து கண்மணியின் குரல். திரையும் இல்லை, இருமலும் இல்லை. “நீட்டுங்கன்னா!”

தங்கராஜு வெட்டியைப் பார்த்தான். கூடாரத்தைப் பார்த்தான். பிறகு, எந்தப் பக்கம் பார்த்திருக்கக் கூடாதோ அந்தப் பக்கம் பார்த்தான்.

“ஐயா,” என்றான் மருதப்பனிடம். “சபை அனுமதி கொடுத்தா...”

மருதப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். இவ்வளவு பெரிய கூட்டத்தில், வெள்ளைக்காரன் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், தன் சபையிடம் அனுமதி கேட்ட முதல் மனிதன் இவன். “அவசரக் கூட்டம்,” என்றார் காரியதரிசியிடம். “இங்கேயே. இப்பவே.”

“அவசரக் கூட்டத்துக்கு முன்னறிவிப்பு வேண்டாம், தலைவரே,” என்றார் துரைசாமி, விதிப்புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து. “ஆனா ஏழு பேர் வேணும். நாம ஆறு பேர் இருக்கோம்.”

பொருளாளர் சாப்பிட்டுப் படுத்திருந்தார். அவரை அழைத்துவரச் சுண்ணாம்புக் கம்பத்துக்கு ரிக்‌ஷா போயிற்று.

மத்தியஸ்தர் கடிகாரத்தை எடுத்துப் பத்து நிமிஷம் காத்தார். பிறகு ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். எறியும் மேட்டுக்கு லிம் என்ற பழைய மாணவர் போனார். நல்ல பல் வைத்தியர், பந்தை நேராக மட்டும் எறியத் தெரிந்தவர். தோடா விதி எறிகிறவருக்கு மட்டும்தான் என்பதால் தங்கராஜு திடலின் கோடியில், உயரப் பந்துகளைப் பிடிக்கிற இடத்தில் போய் நின்றான். அங்கே ஒரு பந்தும் வரவில்லை. மாலுமிகள் எல்லாப் பந்தையும் அவன் தலைக்கு மேலே கடலைப் பார்க்க அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்கள் சொன்ன ஆள் எங்கே?” என்று கேட்டார் பிஷப்.

“அதோ,” என்றார் ஹார்ட்லி பாதிரியார். “கோடியில் மின்னுகிறதே, அங்கே.”

பிஷப் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். மின்னுவது தெரிந்தது.

பொருளாளர் ரிக்‌ஷா ஏறுவதில்லை. மனிதன் இழுக்கும் வண்டியில் ஏறுவது பாவம் என்பது அவர் கொள்கை. ரிக்‌ஷாக்காரரைக் காலியாகத் திருப்பி அனுப்பிவிட்டு, ட்ராமுக்குக் காத்திருந்து வந்து சேர்ந்தபோது மணி நாலு ஐம்பது. கூட்டம் தொடங்கியது. தோடாவை வெட்டுவது என்று தீர்மானம் எழுதினால் பிற்காலச் சந்ததி தவறாக எண்ணும் என்றார் ஒருவர். வெட்டியபின் அது யாருக்குச் சொந்தம் என்றார் இன்னொருவர். முன்மொழிந்தவர் பெயர் முதலில் வர வேண்டுமா, தலைவர் பெயரா என்பதில் சிறிது நேரம் போயிற்று.

ஐந்து மணிக்குப் பிஷப் எழுந்தார். ஹார்ட்லி பாதிரியார் அவர் காதருகே ஏதோ சொல்லி, திடலைக் காட்டி, இன்னும் ஏதோ சொன்னார். பிஷப் அவர் தோளைத் தட்டிவிட்டுக் குதிரை வண்டியில் ஏறினார்.

ஐந்து பத்துக்குத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மெக்கானிக் ஒரே அழுத்தில் தோடாவை வெட்டினார். துரைசாமி இரண்டு துண்டையும் எண்ணி வாங்கிக் கைக்குட்டையில் முடிந்தார்.

அப்போது மாலுமிகள் ஐந்து, கலாசாலை பூஜ்யம். தங்கராஜு மேட்டில் ஏறினான். மணிக்கட்டை இரண்டு முறை சுழற்றிப் பார்த்தான். அதற்குப் பிறகு இருட்டும் வரை எந்த மாலுமியும் முதல் மூலையைக்கூடத் தொடவில்லை. பந்து இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. மட்டையை வீசிவிட்டுத் திரும்பிய ஒரு மாலுமி சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்துத் தங்கராஜுவுக்குக் காட்டினான். சபையினர் விசில் அடிக்கக்கூடக் கற்றுக்கொண்டார்கள். கூடாரத்தின் கீழ் ஒரு காலி நாற்காலி இருந்தது.

கலாசாலை நாலு எடுத்தது. ஐந்துக்கு நாலு என்று தோற்றது.

கண்மணி வீடு வரை அவனுக்கு முன்னால் நடந்தாள். கதவைத் திறந்து விளக்கேற்றியபின் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது.

“கேட்டீங்களே, அவர்கிட்ட,” என்றாள். “என்கிட்டக் கேட்டிருந்தா அங்கேயே வெட்டச் சொல்லியிருப்பேன்.”

“நீ சொல்லத்தான் செஞ்ச.”

“ஆமா. சொன்னேன்,” என்று சொல்லிவிட்டு எண்ணெய் எடுக்கப் போனாள்.

திங்கட்கிழமை ஹார்ட்லி பாதிரியார் அவனைக் கூப்பிட்டுத் தானே செய்தியைச் சொன்னார். பிஷப்புக்கு அவன்மேல் குறை ஒன்றும் இல்லை. அடக்கமான இளைஞனாகத் தெரிகிறான், ஆனால் நகையில் சற்று ஆசை அதிகம் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னாராம். “நான் விளக்கினேன்,” என்றார் பாதிரியார். “விளக்க விளக்க நம்புவதற்குக் கடினமாகிக்கொண்டே போயிற்று.”

சபையின் அவ்வருட அறிக்கையில் ஏப்ரல் பதினேழாம் தேதி ‘வரலாறு காணாத அவசரக் கூட்டம்’ ஒன்றரைப் பக்கம் பெற்றது. பந்தயத்தின் முடிவு அதில் இடம்பெறவில்லை. அதன் பிறகும் சபை தங்கராஜுவை மறக்கவில்லை. 1911-இல் புதுச் சக்கரவர்த்தியின் முடிசூட்டு விழாவை ஒட்டிச் சால்வை போர்த்தியது. 1914-இல் ‘பந்துவீச்சுச் சிங்கம்’ என்ற பட்டம் வழங்கியது. 1922-இல் அவன் படம் மண்டபத்தில் மாட்டப்பட்டது. படத்தில் அவன் கையில் இருந்தது கிரிக்கெட் மட்டை. ஒவ்வொரு விழாவுக்கும் அவன் போனான். ஒவ்வொன்றிலும் ஏழு பேர் பேசினார்கள்.

மணிலாவிலிருந்து வந்த அமெரிக்கர் 1909 மே மாதம் 3-ஆம் தேதி, திங்கட்கிழமை, வில்லோபி கலாசாலையில் விளையாட்டு ஆசிரியராகச் சேர்ந்தார். தங்கராஜு அன்று காலை ஏழு மணிக்கு மூன்றாம் எண் கிடங்கில் ரங்கூன் கப்பலிலிருந்து இறங்கிய அரிசி மூட்டைகளை எண்ணினான். நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு மூட்டைகள் இருந்தன.